ஏழுமலைக்கு ஒரு மரம் ஏற்றும் வண்டி: காக்களூரிலிருந்து ஆரம்பாக்கம் வரை

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி என்று யாராவது ஊர் சுற்றக் கிளம்புவார்களா என்று பெரம்பூர் சித்தி கேட்டாள். கிளம்புவார்கள், மரம் ஏற்றும் மெஷின் வாங்க வேண்டியிருந்தால். பொங்கல் முடிந்த அடுத்த புதன்கிழமை நானும் என் தம்பி ஏழுமலையும் ஒரே நாளில் போய்வந்தோம். இதே வேலையாகப் போகிறவர்களுக்கு வழி, வாடகை, எந்த மெஷினை எப்படிப் பார்ப்பது என்பதெல்லாம் உதவட்டும் என்று எழுதுகிறேன். கோயில் குளம் எதிர்பார்த்து வந்தவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

எங்களைப் பற்றி நாலு வரி. செய்யூர் பக்கம் சவுக்குத் தோப்புகளை மொத்தமாகப் பேசி வெட்டி, காகித ஆலைக்கு அனுப்புவது என் தொழில். வெட்டிய கட்டைகளைத் தோளில் சுமந்து, சாய்த்து வைத்த பலகைமேல் ஏறி, லாரியில் அடுக்குவது எங்கள் ஊரில் இன்றைக்கும் ஆட்கள்தான். அந்த ஆட்களுக்கு மேஸ்திரி ஏழுமலை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் லாரியில் அடுக்கு சரிந்து, ஒரு கட்டை அவன் இடது கணுக்காலில் விழுந்தது. பிளேட் வைத்தார்கள். நடக்கிறான், ஆனால் கணுக்கால் மடங்காது, பாதத்தில் பாதி உணர்ச்சிதான். அதன்பிறகு ஒரு அரிசி ஆலை வாசலில் வாட்ச்மேன் நாற்காலி கிடைத்தது.

வாய் ஓயாத ஆள் அவன். எட்டுப் பேரைக் குரலாலேயே கட்டி மேய்த்தவன். அந்த நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து எதைக் கேட்டாலும் “உன் இஷ்டங்கா” என்பதோடு சரி. ஒருநாள் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டேன். ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டு எழுந்து போனான். நான் ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்பினேன். கால் போனதைவிட இதுதான் எனக்குத் தாங்கவில்லை. “மெஷின் வாங்கப் போறேன், ஓட்டப் போறது நீதான்” என்று சொன்னேன். அதற்கும் “உன் இஷ்டம்” என்றான். ஆனால் மறுநாளே போய் முடி வெட்டிக்கொண்டு வந்தான். பொக்லைன் வைத்திருக்கும் ஒரு சிநேகிதனிடம் ஒரு மாதம் லீவரும் பழகினான்.

ஆக, எங்களுக்கு வேண்டியது வெறும் மெஷின் இல்லை, ஏழுமலை ஓட்டக்கூடிய மெஷின். அவனால் முடியாது என்றால் வெளியாளைத்தான் போடவேண்டும், அவன் அந்த நாற்காலிக்கே திரும்ப வேண்டும். பொக்லைனே வாங்கலாமே என்பீர்கள். செயின் வண்டி ரோட்டில் ஓடாது, தோப்புக்குத் தோப்பு மாற்ற அதைத் தூக்கிப்போக இன்னொரு லாரி வேண்டும். எங்களைப் போல வாரத்துக்கு ஒரு தோப்பு மாறுகிறவர்களுக்குக் கட்டுப்படியாகாது.

முந்தின நாள் சித்தி வீட்டில் தங்கிவிட்டு, காலை ஆறரை மணி லோக்கலைப் பெரம்பூரில் பிடித்தோம். டிக்கெட் ஆளுக்குப் பத்து ரூபாய். காலையில் கூட்டமெல்லாம் சென்னையைப் பார்த்து வரும், நாம் எதிர்ப்பக்கம் போவதால் சீட் தாராளம். ஏழுமலை எதிர் சீட்டில் காலை நீட்டிக்கொண்டே வந்தான். எட்டு மணிக்கு முன்னால் திருவள்ளூர். ஸ்டேஷனுக்கு வெளியே இட்லியும் வடகறியும், இரண்டு பேருக்கு நூற்றுப் பத்து ரூபாய். வடகறிக்காக இன்னொரு தடவை மெஷின் வாங்கப் போகலாம்.

அன்றைக்கு முழுக்க வாடகைக் கார், டீசலோடு மூவாயிரம். காக்களூர், கும்மிடிப்பூண்டி இரண்டு தொழிற்பேட்டைகளையும் ஒரே நாளில் பார்ப்பதானால் கார் இல்லாமல் முடியாது. டிரைவர் தயாளன் திருவள்ளூர்க்காரர். ஏறி உட்கார்ந்ததுமே விசாரணை ஆரம்பித்தார்.

“மெஷின் வாங்கவாக்கா? எதுவானாலும் ஓட்டிப் பாத்துட்டு டப்பு குடுங்க. எங்க மாமா இப்டித்தான் ஒரு ட்ராக்டர அவசரமா வாங்கினு வந்து பேஜாராப் பூட்டாரு. வண்டி இப்ப மாட்டுக் கொட்டாய்ல நிக்குது.”

“மாடு எங்க நிக்குது?” என்றேன்.

“அது வெளில நிக்குது.”

ஏழுமலை ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்த மாதிரி இருந்தது. உறுதியாகச் சொல்ல முடியாது.

காக்களூர் தொழிற்பேட்டை ஸ்டேஷனிலிருந்து பத்தே நிமிஷம். நாங்கள் தேடிப் போன பட்டறையில் சாதாரண ட்ராக்டரின் பின்பக்கத்தில் ஒரு நீளமான இரும்புக் கையைப் பொருத்தித் தருகிறார்கள். கையின் நுனியில் நண்டுக் கொடுக்கு மாதிரி இரண்டு பக்கமும் மூடும் ஒரு பிடி. கிராப் என்பார்கள். கொடுக்கு கட்டைகளைக் கவ்வும், கை தூக்கும், அப்படியே சுற்றி லாரியில் வைக்கும். ட்ராக்டர் சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் ஊன்றுகால்கள்.

எவ்வளவு தூக்கும் என்று கேட்டால் எல்லோரும் பெரிய எண்ணைத்தான் சொல்வார்கள். கை மடங்கியிருக்கும்போது தூக்குகிற எடை அது. கையை முழுசாக நீட்டினால் அதில் பாதிகூட வராது. குடத்தை இடுப்பில் வைப்பதற்கும் கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். நீட்டினால் எவ்வளவு என்று நான் கேட்டதும் பட்டறைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. கொடுக்கு முழுசாக மூடும்போது ஒற்றைக் கட்டை நழுவுகிறதா, கொடுக்கு தன்னைத்தானே சுற்றுமா, ஹோஸ் குழாய்கள் கட்டையில் உரசாமல் உள்பக்கமாகப் போகின்றனவா, எல்லாம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் நல்ல பதில் வந்தது.

சிமென்ட் தரையில் தைலமரக் கட்டைகளை அழகாக அடுக்கி வைத்திருந்தார்கள். பட்டறைக்காரரே ட்ராக்டரைச் சரியான இடத்தில் நிறுத்தி, ஊன்றுகாலை இறக்கிவிட்டு, “சார், வாங்க” என்றார். ஏழுமலை ஏறி, சீட்டில் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்தான். நாலு லீவர். முதல் இரண்டு தடவை தடுமாறினான். மூன்றாவது தடவையிலிருந்து கட்டைகள் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தன. அடி ஒரு பக்கம், நுனி ஒரு பக்கம் என்று மாற்றி மாற்றி வைத்தான். எல்லா அடிமரமும் ஒரே பக்கம் வந்தால் பாரம் அந்தப் பக்கம் சாயும். தோளில் சுமந்த காலத்துப் பழக்கம் லீவரிலும் வந்துவிட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கைப்பையில் முன்பணத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

பட்டறைக்காரர் நல்ல மனிதர். “அவசரப்படாதீங்க மேடம். ஆரம்பாக்கத்துல நம்ம செட் ஒண்ணு தோப்புல ஓடினு கீது. முனிரத்தினம்னு ஒருத்தர் ஓட்றாரு, நான் போன் பண்ணிச் சொல்றேன். மதியம் அதப் பாத்துட்டு அட்வான்ஸ் குடுங்க” என்றார். இதே ஆள் முன்பணத்தை வாங்கிப் பையில் போட்டிருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி இருந்திருக்கும்.

காக்களூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. பெரியபாளையத்தில் பூமாலைக் கடைகளுக்கு நடுவே ஊர்ந்து, கவரைப்பேட்டையில் நெடுஞ்சாலையைப் பிடித்தோம். ஒன்றரை மணி நேரம். நெடுஞ்சாலையில் இரும்புச் சுருள் ஏற்றிய லாரிகள் பின்னாலேயேதான் பயணம். இருசக்கர வண்டியில் வரலாம் என்று நினைக்கிறவர்கள் தயவுசெய்து நினைக்காதீர்கள்.

கும்மிடிப்பூண்டியில் பழைய மெஷின் விற்கும் யார்டு ஒன்றில் நிறுத்தினோம். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று இருக்கட்டுமே என்றுதான். உரிமையாளரை எல்லோரும் பாய் என்று கூப்பிட்டார்கள், நாங்களும் கூப்பிட்டோம். அவரிடம் மண்வாரி வண்டி ஒன்று இருந்தது. முன்னால் இருக்கும் மண் அள்ளும் வாளியைக் கழற்றிவிட்டு இரும்புக் கரங்களைப் பொருத்தியிருந்தார்கள். கரங்கள் கீழே நுழைந்து கட்டைகளை ஏந்தும், மேலிருந்து ஒரு பிடி இறங்கி அமுக்கும். பார்க்க முரட்டு வண்டி. ட்ராக்டர் செட்டைவிட நாலு லட்சம் கூடுதல், அதுவும் பழசு. டீசலும் கூடக் குடிக்கும்.

“முன்னாடி பின்னாடி போறதுக்கு கிளட்சே மிதிக்க வேணாம்மா” என்றார் பாய். ஸ்டியரிங் பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு லீவர். “இத இப்டித் தள்ளினா முன்னாடி, அப்டி இஸ்தா பின்னாடி. சொகுசு.”

“சொகுசுக்கா பாய் மெஷின் வாங்கறோம்? கிணறு வெட்டற வண்டிய வெச்சுக்கினு சவுக்கு ஏத்தறதா?” என்று நான் சிரித்தேன்.

ஏழுமலை அதற்குள் ஏறி உட்கார்ந்திருந்தான். அந்தச் சின்ன லீவரைத் தள்ளினான், இழுத்தான், தள்ளினான். இன்ஜின்கூட ஓடவில்லை. இறங்க மனமில்லாதவன் மாதிரி இறங்கினான். “எப்டிடா?” என்றேன். “உன் இஷ்டங்கா” என்றான். பசி போலிருக்கிறது என்று நெடுஞ்சாலை ஓரத்தில் சாப்பாடு வாங்கிக் கொடுத்தேன். ஆளுக்குத் தொண்ணூறு ரூபாய், மீன் குழம்பு தனி.

அங்கிருந்து ஆரம்பாக்கம் பன்னிரண்டு கிலோமீட்டர். நெல் அறுவடை நடந்துகொண்டிருந்த வயல்களைத் தாண்டி ஒரு சவுக்குத் தோப்பு, பாதி வெட்டியாகிவிட்டது. காக்களூரில் பார்த்த அதே மெஷின்தான், ஆனால் இங்கே அது வேறு ஜென்மமாக இருந்தது. சேறு பூசி, டயரில் இரண்டு ஒட்டு. வெட்டிய மரத்தின் அடிக்கட்டைகள் தரையில் ஈட்டி மாதிரி நின்றன. சவுக்கைச் சாய்வாக வெட்டுவதுதான் நம் ஆட்களின் வழக்கம், வெறுங்காலோ செருப்போ சுற்றிப் போய்விடும். டயருக்குச் சுற்றிப் போகத் தெரியாது.

முனிரத்தினத்துக்கு ஐம்பது வயசிருக்கும். பட்டறையிலிருந்து போன் வந்துவிட்டதாகச் சொன்னார். ஏழுமலை நடந்து வருவதைப் பார்த்துவிட்டு, “இன்னா நைனா, காலு இன்னா ஆச்சு?” என்றார்.

“கட்ட உழுந்துச்சு.”

“லீவரு கைலதான கீது. ஏறு.”

குவித்துக் கிடந்த முதல் கும்பல் கட்டை சுலபமாக ஏறியது. அப்போதுதான் நான் பார்த்தேன். அடுத்த கும்பல் பதினைந்து அடி தள்ளிக் கிடந்தது, அதற்கடுத்தது இன்னும் தள்ளி. ஊன்றுகாலைத் தூக்கி, முன்பக்கம் திரும்பி, கிளட்சை மிதித்து, கியர் போட்டு, பத்தடி நகர்த்தி, நிறுத்தி, மறுபடி திரும்ப வேண்டும். ஒவ்வொரு கும்பலுக்கும். கிளட்ச் இடது காலில்.

இது எனக்கு ஏன் முன்னாலேயே தோன்றவில்லை என்று கேட்பீர்கள். சுமந்து ஏற்றுகிறவர்களின் புத்தி அப்படி. எங்கள் தொழிலில் லாரி நிற்கும், மரம்தான் நடந்து போகும், ஆள் தோளில். ஏற்றுவது என்றால் எங்களுக்குத் தூக்குவது. தூக்குவதைப் பற்றி நூறு கேள்வி கேட்டேன். நகர்வதைப் பற்றி ஒன்றுகூடக் கேட்கவில்லை. பொக்லைனில் பழகிய ஏழுமலைக்கும் தோன்றவில்லை, அதில் நகர்வதும் கை லீவரில்தான்.

ஏழெட்டுக் கும்பல் சமாளித்தான். முகம் வியர்த்துவிட்டது. ஒன்பதாவதில், கொடுக்கில் கட்டைகளைக் கவ்வியபடியே லாரிப் பக்கம் ஊர்ந்தான். அது தப்பு, பாரத்தோடு நகரக் கூடாது. ஆனால் அங்கே எல்லோரும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள். லாரிக்கு அருகே நிறுத்தக் கிளட்சை மிதித்தான். பாதம் பெடலின் ஓரத்திலிருந்து வழுக்கியது. வழுக்கியதே அவனுக்குத் தெரியவில்லை. ட்ராக்டர் ஒரு துள்ளு துள்ளியது, கட்டைகள் ஊஞ்சலாடிப் போய் லாரியின் பக்கப் பலகையில் மோதின. மேலே நின்று அடுக்கிக்கொண்டிருந்தவர் அந்தப் பக்கம் குதித்தார். யாருக்கும் அடியில்லை. பலகை மட்டும் பிளந்தது.

ஏழுமலை சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு இறங்கினான். குதித்த ஆளிடம் போய் அவர் கையைத் தடவிப் பார்த்தான். பிறகு ஒரு கட்டைமேல் உட்கார்ந்துவிட்டான். பலகைக்குப் பணம் நீட்டினேன். முனிரத்தினம், “அட போம்மா. பலக போனா போவுது, மேல இருந்தவன் கீறானில்ல” என்று தள்ளிவிட்டு டீ சொல்லப் போனார்.

நான் தம்பி பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன்தான் முதலில் பேசினான்.

“இன்னொருத்தன் மேல நான் கட்டைய போட்டிருப்பேன்க்கா. வேணாம். ஆள் வெச்சு ஓட்டிக்கோ. நான் மில்லுக்கே போறேன்.”

அப்போதுதான் எனக்கு யார்டும் அந்தச் சின்ன லீவரும் ஞாபகத்துக்கு வந்தன. “டேய், பாய் கிளட்ச் இல்லாத வண்டின்னாரே. அதுல ஏறி உக்காந்தியே, அப்பவே உனக்குத் தெரியுமா?”

“உக்காந்தப்பதான் தோணுச்சு, இதுல காலு வேலையே இல்லன்னு.”

“அப்புறம் ஏன்டா சொல்லல?”

“நாலு லட்சம் ஜாஸ்தி. என் காலுக்கோசரம் நீ கடன் வாங்குவியா?”

எனக்கு வந்ததே கோபம். தோப்பில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினேன். “ரெண்டு வருஷமா உன் இஷ்டம் உன் இஷ்டம்னு சொல்லியே என்னக் கொல்றியேடா! எனக்கு மெஷினா வேணும்? மேஸ்திரி வேணும்டா. உனக்கு இன்னா வேணும்னு ஒரு தடவ வாயத் தொறந்து சொன்னா குறஞ்சா பூடுவ?” கத்திவிட்டு அழுதேன். டீயோடு வந்த முனிரத்தினம் டீயோடு அப்படியே திரும்பிப் போனார்.

ஏழுமலை தரையைப் பார்த்தபடியே, “கிளட்ச் இல்லாத வண்டி வாங்குக்கா” என்றான்.

நாலரை மணிக்குப் பாய் யார்டில் மறுபடி நின்றோம். கிணறு வெட்டற வண்டி என்று சொன்னதை அவர் மறக்கவில்லை, நினைவுபடுத்தினார். சிரித்துச் சமாளித்தேன். இந்தத் தடவை சிமென்ட் தரையே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, யார்டுக்குப் பின்னால் குண்டும் குழியுமான மண்ணில் கட்டைகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போடச் சொன்னேன். நாற்பது நிமிஷம் நகர்த்தினான். இடது கால் ஓரமாகச் சும்மா கிடந்தது. ஆக்சிலேட்டர், பிரேக், இரண்டும் வலது காலில். முன்னே போய்க் கவ்வி, பின்னே வந்து, திரும்பி, வைத்து. முடித்ததும் பாயிடம் ஹைட்ராலிக் குழாயில் கசிவு இருக்கிறது, பின்டயர் இரண்டும் மாற்ற வேண்டும், விலையில் கழித்துக்கொள்ளுங்கள் என்று அவனே பேச ஆரம்பித்தான். பேரம் எப்படி முடிந்தது என்று எழுத மாட்டேன். தயாளனே அசந்துவிட்டார் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். அவர் எங்களைக் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் விட்டுவிட்டுத் திருவள்ளூர் திரும்பினார். நாங்கள் பேசின்பிரிட்ஜ் வரை லோக்கல், அங்கே மாறிப் பெரம்பூர்.

மெஷின் வந்து தை, மாசி, பங்குனி என்று மூன்று மாதம் ஓடிவிட்டது. குறை இல்லாமல் இல்லை. ட்ராக்டர் கை மாதிரி இதில் எட்டிப் போட முடியாது, லாரியின் பக்கவாட்டில் வந்துதான் வைக்க வேண்டும். அதனால் பக்கப் பலகையை இறக்கிவிட்டு நாலு இரும்புக் கம்பம் ஊன்றிக்கொள்கிறோம். மேல் அடுக்குக்கு எட்டாது, பாரத்தைத் தணிவாகவே ஏற்றி அனுப்புகிறோம். மழை பெய்த மறுநாள் மணலில் புதையும், அன்றைக்கு வேலை இல்லை. டீசல் நிஜமாகவே குடிக்கிறது. இரண்டு காலும் நல்லபடியாக இருக்கும் ஓட்டுநர் உங்களிடம் இருந்தால், காக்களூர் ட்ராக்டர் செட் அருமையான மெஷின், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

எதை வாங்கினாலும், ஓட்டப்போகிறவரைக் கூடவே அழைத்துப் போங்கள். தூக்க விட்டு மட்டும் பார்க்காதீர்கள், நகர விட்டுப் பாருங்கள், உங்கள் தோப்பு மாதிரி கெட்ட தரையில். வெட்டும் ஆட்களிடம் அடிக்கட்டையைத் தரையோடு மட்டமாக வெட்டச் சொல்லுங்கள், அந்தப் பழக்கம் வர எங்களுக்கு ஒரு டயரும் ஒரு மாதமும் ஆனது. சுமந்த எட்டுப் பேரும் எங்களிடம்தான் இருக்கிறார்கள். வெட்டிய கட்டைகளைக் கும்பல் சேர்ப்பதும் அடி நுனி மாற்றி வைப்பதும் அவர்கள் வேலை. கவ்விய கட்டைக்குக் கீழே மட்டும் யாரும் போகக் கூடாது. ஏழுமலை வண்டியைச் சுற்றிச் சுண்ணாம்பில் ஒரு கோடு போட்டிருக்கிறான்.

போன வாரம் போனில் பேசிக்கொண்டே அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டேன். வண்டி நின்றது. “அக்கா! அந்தாண்ட போ! கண்ணு இன்னா பொடனிலயா கீது?” என்று தோப்பே அதிர ஒரு சத்தம். எட்டு ஆட்களும் சிரித்தார்கள். அன்றைக்குச் சாயங்காலம் சாப்பாட்டில் ஒரு வாய் வைத்தவன், “இன்னாக்கா இது, கொழம்பா தண்ணியா? உப்பு எங்க?” என்று தட்டைத் தள்ளினான். நான் வாயே திறக்காமல் எழுந்து போய் உப்பு ஜாடியை எடுத்து வந்தேன். இந்தத் தடவை வேண்டுமென்றேதான் போடாமல் விட்டிருந்தேன்.